பனிமலை மனிதனின் கத்தியும் கருவிப் பையும்

நாடுகளின் வரலாற்றை அரசர்களின் பெயர்களாலும் போர்களின் ஆண்டுகளாலும் எழுதும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. அரண்மனையும் கோட்டையும் கல்வெட்டும் தம் கதையைத் தாமே உரத்துச் சொல்ல வல்லவை. ஆனால் எழுத்தறியாத காலத்து மக்களுக்கு அத்தகைய சான்றுகள் இல்லை. அவர்கள் கையிற் பிடித்த கருவியும், உடலிற் போர்த்த தோலும், உண்ட உணவின் எச்சமுமே அவர்களுக்காகப் பேச வேண்டியவை. அவற்றுள்ளும் கல்லும் எலும்புமே பெரும்பாலும் காலத்தை வென்று நிற்கின்றன. மரப்பிடி உளுத்துப்போகும், தோல் மக்கிவிடும், நார்க்கயிறு மண்ணோடு மண்ணாகும். ஆகவே நூதனசாலைகளிலே பழங்காலத்துக் கத்தி என்று காட்டப்படுவது, பெரும்பாலும் கத்தியின் அலகு மட்டுமே. பிடியில்லாத அலகு, உறையில்லாத அலகு, தன்னைத் தீட்டிய கருவியைப் பிரிந்து தனித்துக் கிடக்கும் அலகு.

இந்தப் பொதுவிதிக்குச் சிறந்ததொரு புறநடை உண்டு. ஐயாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மனிதனின் கத்தி, பிடியோடும், பிடியிற் கட்டிய கயிற்றோடும், உறையோடும், தீட்டுகோலோடும், அதற்குத் துணையான சிறு கருவிகள் நிறைந்த பையோடும் முழுமையாகக் கிடைத்திருக்கின்றது. அவை மட்டுமல்ல, அக்கத்தியை இடுப்பிற் செருகி நடந்த மனிதனும் உடன் கிடைத்திருக்கின்றான். உலகத் தொல்பொருளியலில் இத்தகைய பேறு மிக அரிது.

1991 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19 ஆந் தேதி, யேர்மனியின் நூரெம்பேர்க் நகரத்தைச் சேர்ந்த எல்முட் சிமோன், எரிக்கா சிமோன் என்னும் கணவனும் மனைவியும், இத்தாலிக்கும் ஒஸ்திரியாவுக்கும் எல்லையாய் நிற்கும் ஏற்சுத்தால் அல்ப்ஸ் மலைகளிலே நடந்து சென்றார்கள். கடல்மட்டத்திலிருந்து 3,210 மீற்றர் உயரத்திலுள்ள திசென்யொக் என்னும் கணவாயருகே, உருகும் பனியினின்றும் ஒரு மனித உடலின் மேற்பாகம் வெளிப்பட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். அண்மைக் காலத்தில் விபத்துக்குள்ளான மலையேறி ஒருவரின் உடல் என்றே அவர்கள் எண்ணினார்கள். அதிகாரிகளும் அவ்வாறே எண்ணினார்கள். அதனால் உடலை மீட்கும் பணி, பழம்பொருளைக் கையாளும் கவனத்தோடு நடைபெறவில்லை. காற்றழுத்தத் துளைப்பொறியால் பனியை உடைத்தபோது உடலின் இடுப்புப் பக்கம் சிதைந்தது. அருகிலே பனியிற் பதிந்திருந்த நீண்ட வில்லொன்று முறிந்துபோயிற்று.

உடல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புறூக் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. செப்டெம்பர் 24 ஆந் தேதி அந்நகரச் சருவகலாசாலையின் தொல்பொருளியற் பேராசிரியர் கொன்றாட் சிபிண்ட்லர் அதனைப் பார்வையிட்டார். உடலோடு கிடைத்த கோடரியின் வடிவத்தைக் கண்டதுமே, இது குறைந்தது நாலாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று அவர் கூறினார். பின்னர் நடைபெற்ற காபன் காலக்கணிப்பு அவர் சொன்னதையும் கடந்து சென்றது. அம்மனிதன் கிறிஸ்துவுக்கு முன் 3350 க்கும் 3100 க்கும் இடைப்பட்ட காலத்தில் வாழ்ந்தவன் என்பது தெளிவாயிற்று. எகிப்தின் கீசாவிலே பெரும் பிரமிடு எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட காலம் அது. எல்லையை அளந்து பார்த்தபோது, உடல் கிடந்த இடம் இத்தாலிய மண்ணுக்குள் ஏறத்தாழ 93 மீற்றர் உள்ளே இருப்பது தெரியவந்தது. 1998 ஆம் ஆண்டு முதல் அவ்வுடலும் அதனோடு கிடைத்த பொருள்களும் இத்தாலியின் தென்திரோல் மாகாணத் தலைநகரான போல்சானோவிலுள்ள தொல்பொருள் நூதனசாலையில் வைக்கப்பட்டிருக்கின்றன. மலைப் பெயரின் முதற்பாகத்தைக் கொண்டு செய்தித்தாளொன்றிலே தோன்றிய ஏற்சி என்னும் செல்லப்பெயரே உலகெங்கும் அம்மனிதனுக்கு நிலைத்துவிட்டது.

அவன் ஏறத்தாழ 160 சதமமீற்றர் உயரமும், மெலிந்த உடலும், நாற்பத்தைந்து வயதளவும் உடையவன். தோலிலே 61 பச்சைக் குறிகள் இருந்தன. இவற்றையெல்லாம் உலகம் வியந்து பேசியது. அவன் வைத்திருந்த கோடரியையோ இன்னும் அதிகமாக வியந்தது. அதன் அலகு ஏறத்தாழக் கலப்பற்ற செம்பு. யூ மரத்தாலான காம்பிலே பூர்ச்ச மரப் பிசினும் தோல்வாரும் கொண்டு அது இறுக்கப்பட்டிருந்தது. அச்செம்பு, அல்ப்ஸ் மலைக்குத் தெற்கே நெடுந்தொலைவிலுள்ள தொஸ்கானாவின் தென்பகுதியிலிருந்து வந்தது என்பதை 2017 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. செம்பு அக்காலத்திலே அரும்பொருள். ஆகவே கோடரியைக் கண்டோர் கண்கள் கூசியதில் வியப்பில்லை.

ஆயினும் அம்மனிதனின் அன்றாட வாழ்வையும் அவன் இறுதி நாட்களையும் அறிய விரும்புவோர், ஒளிவீசும் செம்பை விட்டு, அவன் இடுப்பிலே தொங்கிய சிறிய கல்லுக்கத்தியைப் பார்க்க வேண்டும். கோடரி அவன் மதிப்பைச் சொல்லக்கூடும். கத்தி அவன் நிலைமையைச் சொல்லுகின்றது.

அக்கத்தி பிடியோடு சேர்த்து ஏறத்தாழ 13 சதமமீற்றர் நீளமே உடையது. பெரியவர் ஒருவரின் கைக்குள்ளே அடங்கிவிடக்கூடியது. அலகு தீக்கல்லால் ஆனது. சக்கிமுக்கிக் கல் என்று நம் வழக்கிற் சொல்லப்படும் இந்தக் கல், உடைக்கும்போது கண்ணாடித் துண்டு போன்ற கூரிய விளிம்புகளைத் தரும். முக்கோண வடிவான இவ்வலகின் இரு முகங்களும் சிறுசிறு செதில்களாகச் சிவப்பட்டுச் செம்மை செய்யப்பட்டுள்ளன. நுனி முறிந்திருக்கின்றது. பிடி, கோடரிக் காம்புகளுக்கு இன்றும் மேலைநாட்டார் விரும்பும் ஆஷ் மரத்தால் ஆனது. பிடியின் தலையிலே வெட்டிய பிளவில் அலகின் அடி செருகப்பட்டு, விலங்கின் தசைநாரினால் இறுகச் சுற்றப்பட்டிருக்கின்றது. பிடியின் மறுமுனையிலே ஒரு வெட்டு. அதிலே ஒரு கயிறு. கத்தி கைதவறிப் பனியிலோ பாறைப் பிளவிலோ விழாதிருக்க இக்கயிறு உதவியிருக்கும்.

மடக்கும் கத்தியில் மூட்டு உண்டு. மூட்டு உள்ள இடத்தில் தளர்ச்சி உண்டு. பிடியும் அலகும் அசையாது ஒன்றாய் நிற்கும் கத்தியே காட்டிலும் மலையிலும் நம்பத்தக்கது என்பது அனுபவம் கண்ட உண்மை. ஆனால் அத்தகைய கத்திக்கு ஒரு குறை உண்டு. அதன் கூர் எப்பொழுதும் வெளியே நிற்கும். எனவே அதற்கு உறை வேண்டும். ஏற்சியின் கத்திக்கு உறை இருந்தது. லிண்டன் என்னும் மரத்தின் உட்பட்டையிலிருந்து உரித்த நாரை முடைந்து, கூம்பிய முக்கோண வடிவிலே அது செய்யப்பட்டிருந்தது. நீளம் 12 சதமமீற்றர். பக்கத்திலே தோலினால் ஒரு காது வைக்கப்பட்டிருந்தது. இடைவாரிலே உறையைத் தொங்கவிடுவதற்கு அது பயன்பட்டது. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் முடையப்பட்ட நாருறை, இழை தெரிய இன்றும் இருக்கின்றது. பனியின் காவல் இல்லையாயின் அது சில ஆண்டுகளிலேயே அழிந்திருக்கும். அலகு மட்டும் கிடைத்திருக்கும். அதைக் கண்டோர் ஈட்டிமுனை என்றோ அம்புமுனை என்றோ எண்ணியிருக்கவும் கூடும்.

கத்தி ஒன்றைக் கொண்டு எல்லாப் பணியும் ஆகாது. யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளிலே சீவல் தொழிலாளி பாளைக்கத்தியைத் தனியே கொண்டு மரமேறுவதில்லை. வேண்டிய துணைப்பொருள்களையும் கூட்டிலிட்டு இடுப்பிற் கட்டியே ஏறுவான். ஏறிய பின் இறங்கி வந்து கருவி தேடுதல் இயலாது. மலைமேற் செல்வோனுக்கும் அதுவே விதி. ஏற்சியின் இடைவாரிலே கன்றுத் தோலாலான சிறு பை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. அதனுள்ளே ஐந்து பொருள்கள் இருந்தன. முதலாவது, தீக்கல்லாலான சுரண்டி. இரண்டாவது, தீக்கல்லாலான துளையிடு கருவி. மூன்றாவது, மெல்லிய தீக்கற் சிம்பு. நான்காவது, ஏழு சதமமீற்றர் அளவான எலும்புக் குத்தூசி. தோலிலே துளையிட்டுத் தைப்பதற்கு உரியது. ஐந்தாவது, கரிய பஞ்சு போன்ற ஒரு பொருள்.

அந்தப் பஞ்சு யாது? மரங்களிலே படர்ந்து வளரும் ஒருவகைக் காளானின் உட்பகுதியை நயமாகப் பிய்த்தெடுத்தது அது. தீப்பொறி பட்டவுடன் கனலும் இயல்புடையது. அதன்மேல் பைரைற்று என்னும் கனிமத்தின் நுண்துகள்கள் ஒட்டியிருந்தன. பைரைற்றைத் தீக்கல்லோடு அடித்தால் பொறி பறக்கும். ஆகவே அவன் பையிலே நெருப்பின் விதை இருந்தது எனலாம். அது மட்டுமன்று. பூர்ச்ச மரப்பட்டையால் தைத்த இரு கலங்களையும் அவன் கொண்டு சென்றான். ஒன்றிலே மேப்பிள் மரத்தின் பச்சை இலைகளும் கரித்துண்டுகளும் காணப்பட்டன. கனலும் கரியை இலைகளிற் பொதிந்து, முதல்நாள் தங்கிய இடத்து நெருப்பை அடுத்த இடத்துக்குக் கொண்டு செல்லும் முறை அது. பொறியடித்துத் தீமூட்ட ஒரு வழி. கனலைக் காத்துச் செல்ல மற்றொரு வழி. ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும் என்னும் முன்யோசனை இதிலே விளங்குகின்றது.

இனி, இக்கருவிகள் யாவற்றிலும் விந்தையானது ஒன்று உண்டு. லிண்டன் மரக்கிளைத் துண்டொன்று, பட்டை சீவப்பட்டு, ஏறத்தாழ 12 சதமமீற்றர் நீளத்தில், ஒரு முனை கூம்பலாகச் செதுக்கப்பட்டிருந்தது. கூம்பிய முனையின் நடுவிலே கரிய புள்ளிபோல் ஏதோ ஒன்று சில மில்லிமீற்றர் அளவே வெளியே தெரிந்தது. பார்ப்பதற்குப் பள்ளிப் பிள்ளைகள் எழுதித் தேய்ந்த பருமனான பென்சில் போலவே இருந்தது. இதன் பயன் யாதென்பது முதலில் ஆராய்ச்சியாளருக்கும் புதிராகவே இருந்தது. உள்ளே, மரத்தின் நடுவிலே, செம்மான் கொம்பாலான நீண்ட முள்ளொன்று அறையப்பட்டிருந்தது. அதன் நுனி நெருப்பிலே வாட்டி வன்மையாக்கப்பட்டிருந்தது.

இதுவே தீட்டுகோல். இரும்புக் கத்தியைச் சாணைக்கல்லிலே தேய்த்துத் தீட்டலாம். தீக்கற் கத்தியை அவ்வாறு தீட்டுவதில்லை. மழுங்கிய விளிம்பிலே கடினமான கொம்புநுனியை வைத்து அழுத்தினால், சிறிய செதிலொன்று தெறித்துப் போகும். அவ்விடத்திலே புதிய கூர் பிறக்கும். விளிம்பு நெடுக இவ்வாறு அழுத்திச் செதில் எடுத்தால் கத்தி மீண்டும் வெட்டும். கொம்புநுனி தேய்ந்துவிட்டால், பென்சிலைச் சீவுவது போல் சுற்றியுள்ள மரத்தைச் சீவிவிட வேண்டும். புதிய நுனி வெளிப்படும். கத்தி தீட்டுகோலைச் சீவும். தீட்டுகோல் கத்தியைத் தீட்டும். ஒன்றையொன்று காத்து நிற்கும் இவ்விரு கருவிகளும் எத்துணை நுட்பமான சிந்தனையின் விளைவு என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஆனால் இந்தச் சிந்தனைக்குள்ளே ஒரு கடுமையான கணக்கும் அடங்கியிருக்கின்றது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் அலகிலிருந்து ஒரு பகுதி தெறித்துப் போகின்றது. போனது திரும்பாது. செம்புக் கருவி முறிந்தால் உருக்கி வேறு கருவி வார்க்கலாம். தீக்கல்லை உருக்க முடியாது; ஒட்டவும் முடியாது. தீட்டத் தீட்டக் கத்தி சிறுத்துக்கொண்டே போகும். ஒரு நாள் தீட்டுவதற்கும் இடமின்றிப் போகும். ஆகவே தீக்கற் கருவியைக் கொண்டு வாழ்ந்தவன், நல்ல கல் கிடைக்கும் இடங்களோடு தொடர்பை இழக்காமல் இருத்தல் வேண்டும். இங்கேதான் ஏற்சியின் துன்பம் தொடங்குகின்றது.

அவன் இறந்து கிடந்த உயர்ந்த மலைப்பகுதியிலே தீக்கல் கிடைப்பதில்லை. அது கிடைக்கும் சுண்ணாம்புப் பாறை நிலங்கள் தெற்கே உள்ளன. ஊர்சுலா வீரெர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் ஏற்சியின் கற்கருவிகள் யாவற்றையும் நுணுக்குக்காட்டியாலும் கதிர்ப்படக் கருவியாலும் ஆராய்ந்து, 2018 ஆம் ஆண்டிலே தம் முடிவுகளை வெளியிட்டார்கள். அக்கருவிகளின் கல், ஏறத்தாழ 70 கிலோமீற்றர் சுற்றளவுக்குள் அடங்கும் தென் அல்ப்ஸ் பகுதியிலே, குறைந்தது மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தது என்று அவர்கள் கண்டார்கள். பள்ளத்தாக்குகளுக்கிடையே கல்லும் கருவியும் கைமாறிச் சென்றதையே இது காட்டுகின்றது. ஒரு மனிதனின் இடுப்புப் பைக்குள்ளே பல ஊர்களின் மலைகள் இருந்தன என்று சொல்லலாம்.

நுணுக்குக்காட்டி வேறொன்றையும் காட்டிற்று. கருவிகளின் விளிம்புகளிலே நீண்டகால உழைப்பின் தேய்வு இருந்தது. அத்தேய்வின் பெரும்பகுதி செடிகொடிகளையும் மரத்தையும் வெட்டிச் சீவியதால் உண்டானது. பலமுறை தீட்டிய சுவடுகள் இருந்தன. முறிவுகள் இருந்தன. பெரும்பாலான கருவிகள் தம் பயன்காலத்தின் இறுதிக்கட்டத்தை அடைந்திருந்தன. சுரண்டியும் துளையிடு கருவியும் அண்மையிலேதான் புதுக்கூர் செய்யப்பட்டிருந்தன. தேய்வின் திசையைக் கொண்டு அவன் வலக்கைப் பழக்கமுடையவன் என்பதும் அறியப்பட்டது. இவையெல்லாம் சேர்ந்து தரும் முடிவு தெளிவானது: அம்மனிதனுக்குச் சில காலமாகவே புதிய தீக்கல் கிடைக்கவில்லை. இருந்ததைத் தீட்டித் தீட்டியே அவன் காலம் தள்ளினான்.

அவனுடைய வில்லும் அம்பும் இதற்கு மேலும் சான்று கூறுகின்றன. 182 சதமமீற்றர் நீளமான யூ மர வில் முற்றுப்பெறவில்லை, அதிலே செதுக்கிய தடங்கள் அப்படியே இருந்தன, நாண் பூட்டப்படவில்லை. அம்பறாத்தூணியிலே பதினான்கு அம்புகள் இருந்தன. அவற்றுள் இரண்டுக்கு மட்டுமே தீக்கல் முனையும் இறகும் பொருத்தப்பட்டிருந்தன. அவ்விரண்டும் முறிந்திருந்தன. எஞ்சிய பன்னிரண்டும் முனையில்லாத வெறும் தண்டுகள். வில்லிருந்தும் எய்ய இயலாது, தண்டுகளிருந்தும் அம்பில்லை, ஏனெனில் முனை செய்யக் கல்லில்லை.

நேயர்கள் மனத்திலே ஒரு வினா எழலாம். இத்தகைய நிலையிலே அவன் ஏன் பனிமலைமேல் ஏறினான்? முதற் பத்தாண்டுகளிலே சொல்லப்பட்ட விடை வேறு. மந்தை மேய்த்தவன், வழி தவறியவன், திடீரெனப் பெய்த பனியில் விறைத்து இறந்தவன் என்றெல்லாம் கருதினார்கள். 2001 ஆம் ஆண்டிலே கதிர்ப்படவியல் வைத்தியர் பவுல் கொஸ்னர், உடலின் கதிர்ப்படங்களிலே இடத்தோளின் உள்ளே ஒரு நிழலைக் கண்டார். அது தீக்கல்லாலான ஓர் அம்புமுனை. பின்புறமிருந்து எய்யப்பட்ட அம்பு தோளெலும்பைத் துளைத்து உட்புகுந்திருந்தது. அது கைக்குக் குருதி கொண்டு செல்லும் பெருநாடியைக் கிழித்ததென்பதை 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. அத்தகைய காயத்தின்பின் அவன் நெடுநேரம் உயிர்வாழ்ந்திருத்தல் இயலாது. பத்தாண்டுகளாக விபத்தென்று எண்ணப்பட்டது கொலை என்று தெளிவாயிற்று.

இன்னொரு காயமும் காணப்பட்டது. வலக்கையிலே, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே, ஆழமான வெட்டு. அது ஆறத் தொடங்கியிருந்தது. ஆகவே மரணத்திற்குச் சில நாட்கள் முன்னரே அது நேர்ந்தது. எதிராளியின் கூரிய படைக்கலத்தைக் கையால் தடுக்க முயன்றோருக்கு உண்டாகும் காயம் போன்றது அது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. வலக்கைக்காரனின் வலக்கை காயமுற்றது. கத்தி பிடிப்பதும், தீட்டுகோலை அழுத்துவதும், வில்லைச் செதுக்குவதும் அக்கையின் பணிகள். எனவே கருவிகளுக்குப் புதுக்கூர் இட்ட பணி காயத்திற்கு முன்னரே நடந்திருத்தல் வேண்டும். அதன்பின் அவனால் செய்யக்கூடியது சிறிதே. முற்றுப்பெறாத வில்லும் முனையற்ற அம்புகளும் ஏன் அப்படியே நின்றன என்பதற்கு, கல்லில்லாமை ஒரு விடை. கை இயலாமை மற்றொரு விடை.

ஆயினும் அவன் கருவிகளைக் கைவிடவில்லை. செதுக்கி முடியாத வில்லையும், முனையில்லாத தண்டுகளையும், நுனி முறிந்த கத்தியையும் சுமந்துகொண்டு மூவாயிரம் மீற்றருக்கு மேல் ஏறினான். தூணியினுள்ளே மான்கொம்பு நுனிகள் சிலவற்றையும் கட்டி வைத்திருந்தான். இது நம்பிக்கை இழந்தவனின் சுமையன்று. மலைக்கு அப்பாலோ, திரும்பி இறங்கும் வழியிலோ, கை ஆறிய பின் வேலையைத் தொடரலாம் என்று எண்ணியவனின் சுமை. அவன் இரைப்பையிலே எஞ்சிய உணவை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டிலே வெளியிட்ட முடிவும் இதனோடு இயைகின்றது. இறப்பதற்குச் சிறிது முன்னரே அவன் மலையாட்டின் கொழுப்பும் இறைச்சியும், செம்மான் இறைச்சியும், பழங்கோதுமை வகையொன்றும் வயிறார உண்டிருந்தான். உயிருக்கு அஞ்சி மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருப்பவன் அமர்ந்து உண்ண மாட்டான். ஆபத்து நீங்கியதென்று அவன் அவ்வேளையிலே எண்ணியிருத்தல் கூடும். அம்பு பின்புறமிருந்து வந்தது.

கொன்றவர் எவராயினும், விலைமதிப்பற்ற செம்புக் கோடரியை எடுத்துச் செல்லவில்லை. கத்தியையும் எடுக்கவில்லை. ஆகவே பொருளாசையாற் செய்த கொலை இதுவன்று என்று கருத இடமுண்டு. பகையொன்று பல நாட்களாக அவனைத் தொடர்ந்து வந்ததென்பதைக் கையின் வெட்டும் தோளின் அம்பும் சேர்ந்து காட்டுகின்றன. அவனுடைய கத்தியும், அவனைக் கொன்ற அம்பின் முனையும், ஒரே இனக் கல்லால் ஆனவை என்பதிலே வரலாற்றின் கசப்பு இருக்கின்றது. தீக்கல்லுக்கு உடையவன் என்றும் பகைவன் என்றும் வேறுபாடு இல்லை. அது கொண்டவன் கையின் விருப்பப்படியே வெட்டும்.

செம்பு தோன்றிய பின்னும் மக்கள் கல்லுக்கத்தியை ஏன் வைத்திருந்தார்கள் என்பதும் கேட்கத்தக்கது. ஏற்சி செம்புக் கோடரி உடையவன். ஆனால் கத்தியோ கல். புதிய பொருள் வந்தவுடன் பழைய பொருள் மறைந்துவிடும் என்று எண்ணுவது புத்தக அறிவு. செம்பு தொலைவிலிருந்து வரவேண்டும். அகழ்ந்து, உருக்கி, வார்க்க வல்லவர் வேண்டும். தீக்கல்லின் புதிய விளிம்போ செம்பினும் கூரியது. அதைத் தன் கையாலேயே தான் இருந்த இடத்திலேயே புதுப்பிக்கலாம். வட இத்தாலியின் ரெமெதெல்லோ என்னுமிடத்துப் பழங்கல்லறைகளிலே, இறந்தோர் அருகே செம்புக் கோடரியும் தீக்கற் கத்தியும் கிடைத்திருக்கின்றன. ஆர்க்கோ என்னும் ஊரிலே கிடைத்த, மனித வடிவிலமைந்த நெடிய கற்களிலும் கத்திகளும் கோடரிகளும் செதுக்கப்பட்டுள்ளன. ஒருவனை இன்னான் என்று காட்டுதற்கு அம்மக்கள் தெரிந்தெடுத்த அடையாளங்கள் அவை. கல்லிலே செதுக்கிய கத்தி பெருமைக்குரியது. ஏற்சியின் கத்தியோ உழைப்பிற்குரியது. ஒன்று மக்கள் தம்மை எவ்வாறு காட்ட விரும்பினார்கள் என்பதையும், மற்றது அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள் என்பதையும் சொல்லுகின்றன.

இன்று அக்கத்தி போல்சானோ நூதனசாலையிலே, உறையினின்றும் எடுக்கப்பட்டு, உறையின் அருகே வைக்கப்பட்டிருக்கின்றது. உடல் மட்டும் தனியறையிலே, உறைநிலைக்குக் கீழே 6 பாகை வெப்பநிலையிலும், நூற்றுக்கு 99 ஈரப்பதத்திலும், பனியின் குளிரை ஒத்த சூழலிலே பேணப்படுகின்றது. காண வருவோர் செம்புக் கோடரியின்முன் நெடுநேரம் நிற்பர். சின்னஞ்சிறு கத்தியை விரைவிலே கடந்து விடுதல் எளிது. ஆனால் பலமுறை தீட்டிச் சிறுத்த அவ்வலகிலே ஒரு மனிதனின் கல்லில்லாக் காலம் எழுதப்பட்டிருக்கின்றது. பிடியின் கயிற்றிலே அவன் எச்சரிக்கையும், நாருறையிலே அவனைச் சூழ்ந்தோரின் கைத்திறனும், தீட்டுகோலிலே நாளைக்கும் வேலையுண்டு என்னும் அவன் எதிர்பார்ப்பும் எழுதப்பட்டிருக்கின்றன.

மன்னர் பெயரைக் கல்லிலே பொறித்தவர்கள், பின்வருவோர் படிக்க வேண்டுமென்று பொறித்தார்கள். ஏற்சி எவரும் படிக்க வேண்டுமென்று எதையும் எழுதவில்லை. கத்தியைத் தீட்டினான், உறையிலிட்டான், பையைக் கட்டினான், மலையேறினான். அந்த எளிய செயல்களே ஐயாயிரத்து முந்நூறு ஆண்டுகள் பனிக்கடியில் இருந்து, அவன் பெயரறியாத மக்களுக்கு அவன் வரலாறாய் வந்து சேர்ந்திருக்கின்றன.